கடுகு மஞ்சள் கண்டு பயந்தேன்

என் மகன் பிறந்து பத்தாம் நாள். பொழுது சாய்வதற்குள் ஏழு முறை மலம் கழித்துவிட்டான். அரைத்த கடுகு நிறத்தில், தண்ணீராக, நடுவே விதை விதையாக. வயிற்றுப்போக்கு என்று பயந்து, தாய்ப்பாலை நிறுத்திவிட்டு மாவுப்பாலுக்கு மாறவிருந்தேன். "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இப்படித்தாம்மா போகும்" என்றார் கிளினிக் தாதி.

பிறந்த முதல் இரண்டு மூன்று நாள் கரும்பச்சை, பிறகு மஞ்சள். பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இயல்பானவையே. வெள்ளையாகவோ வெளிறிய சாம்பலாகவோ போனால், பித்தநீர் குடலுக்கு வராமல் இருக்கலாம். அப்போதும், இரத்தம் தெரிந்தாலும், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடிக்கடி போனதில் பிள்ளையின் பின்புறம் சிவந்துவிட்டது. அம்மா பவுடர் டப்பாவை எடுத்தார். தூள் மூச்சில் ஏறும் என்று தடுத்துவிட்டேன். டயப்பர் நனைந்ததும் மாற்றி, வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஸிங்க் ஆக்ஸைடு கிரீம் தடவினேன். நம் ஊர்ப் புழுக்கத்திற்குத் தினமும் சற்று நேரம் டயப்பர் இல்லாமலும் படுக்கவைத்தேன். மூன்றே நாளில் தோல் ஆறியது. ஆறாமல் புண்ணாகியிருந்தால் மீண்டும் கிளினிக்குக்குத்தான் போயிருப்பேன்.

தாய்ப்பாலை நிறுத்தவே இல்லை.