நந்தவனமும் நம் உள்ளங்காலும்



சென்ற பங்குனியில் அடியேனின் வீட்டில் மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் வந்து நின்றன. கொல்லைப்புறத்து நந்தவனத்தில் மல்லிகை அரும்பு கட்டத் தொடங்கியிருந்தது. கூடத்து ஓடுகளைப் பிரித்து, கரையான் அரித்த சட்டங்களையும் ரீப்பர்களையும் மாற்றத் தச்சர் நாள் கொடுத்திருந்தார். நீர் வற்றியிருக்கும்போதே கிணற்றைத் தூர் வாரவும் வேண்டியிருந்தது. இவற்றோடு நான்காவது ஒன்றும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளும் சர்க்கரைப் பரிசோதனை. அதைத்தான் எளிதாகத் தள்ளிப்போட்டேன். வயது 71. சர்க்கரை நோயோடு 18 ஆண்டு உறவு. ‘ஒரு மாதம் பொறுத்தால் என்ன?’ என்று எண்ணினேன்.

எங்கள் ஊர்ப் பெருமாளுக்குக் காலைத் திருமாலைக்கு வேண்டிய துளசியும் மல்லிகையும் நந்தியாவட்டையும் என் தந்தையார் காலத்திலிருந்தே எங்கள் கொல்லையிலிருந்து போகின்றன. விடியுமுன் அரும்பு பறிக்க வேண்டும். இருவேளையும் நீர் இறைக்க வேண்டும். அண்டை வீட்டுப் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவன், “தாத்தா, விடுமுறைதானே, நான் தண்ணீர் ஊற்றுகிறேன்” என்று இரண்டு முறை வந்து கேட்டான். “கைங்கரியத்தை நம் கையால்தான் செய்ய வேண்டும், தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்போது அது பக்தி என்றே தோன்றியது.

ஓடு பிரித்த நான்கு நாட்களும் கொல்லையெங்கும் பழைய மரத்துண்டுகள் கிடந்தன. நந்தவனத்தில் செருப்பணிந்து நடப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஐந்தாம் நாள், பூசை அறையில் கோலம் போட அமர்ந்த என் மனைவி தரையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். மங்கிய சிவப்பில் ஒரு கறை. இரண்டடி தள்ளி இன்னொன்று. “காலைக் காட்டுங்கள்” என்றாள். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே துரு ஏறிய ஆணி குத்திய புண். சீழ் கட்டியிருந்தது. அது என்றைக்குக் குத்தியது என்று எனக்குத் தெரியவே தெரியாது. வலி துளியும் இல்லை.

மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மெல்லிய நைலான் இழை ஒன்றால் என் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, “தெரிகிறதா, தெரிகிறதா?” என்று கேட்டார். பாதி இடங்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “வலித்திருந்தால் அன்றே வந்திருப்பீர்கள். வலிக்காமல் போனதுதான் உங்கள் நோய்” என்றார். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கும். இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆற நாளாகும். சில நாள் தாமதித்திருந்தால் விரலை எடுக்க நேர்ந்திருக்கலாம் என்றும் சொன்னார். ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு, காலை ஊன்றாமல் இருக்கும்படி ஆயிற்று.

அந்த ஆறு வாரமும் பெருமாளுக்குத் திருமாலை ஒரு நாளும் தவறவில்லை. நான் திருப்பி அனுப்பிய அதே பிள்ளை விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து அரும்பு பறித்தான். என் மனைவி தொடுத்தாள். நான் திண்ணையில் காலை நீட்டியபடி பார்த்திருந்தேன். முதல் வாரம் மனத்தில் வருத்தமே மிகுந்திருந்தது. ஒரு நாள் அவள் தொடுத்துக்கொண்டே, “அனந்தாழ்வான் கதை நினைவிருக்கிறதா?” என்றாள்.

நினைவில்லாமல் என்ன? திருமலையில் புஷ்பக் கைங்கரியம் செய்ய யார் முன்வருவார் என்று இராமாநுசர் கேட்டபோது எழுந்தவர் அனந்தாழ்வான். நந்தவனத்துக்காக ஏரி வெட்டும் வேளையில், கருவுற்றிருந்த அவர் மனைவியே மண் சுமந்தார். உதவ வந்த சிறுவனை அனந்தாழ்வான் விரட்டினார். அவருக்குத் தெரியாமல் அந்தச் சிறுவன் அம்மையாரிடம் கூடையை வாங்கிச் சுமந்தான். அதைக் கண்டு சினந்து அவர் வீசிய கடப்பாரை சிறுவனின் மோவாயில் பட்டது. சந்நிதியில் பார்த்தால் திருவேங்கடமுடையான் மோவாயில் குருதி! அங்கே பச்சைக் கற்பூரம் சாத்தும் வழக்கம் அதிலிருந்தே வந்தது என்பர். கடப்பாரையைத் திருக்கோயில் வாயிலில் இன்றும் காணலாம்.

“எல்லோரும் அனந்தாழ்வானின் உறுதியைப் போற்றுகிறார்கள். எனக்கு அந்த அம்மாதான் பெரியவராகத் தெரிகிறார். முடியாதபோது கூடையைக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டவன் யார் என்று அவருக்குத் தெரியாது” என்றாள் அவள். நூறு முறையாவது நான் சொல்லியிருக்கும் கதை அது. அந்தக் கூடை கைமாறிய இடத்தை ஒருமுறையேனும் நின்று பார்த்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒழுங்கு மாறிவிட்டது. சித்திரை, வைகாசியில் நந்தவனத்துக்கு நீர் பாய்ச்சுவதும் பூப்பறிப்பதும் மட்டுமே. சருகுகளைச் செடியின் அடியில் மூடாக்காகப் பரப்பிவிட்டால் ஈரம் தங்கும், நீரும் பாதி போதும். புதிய கன்று நடுவதை மழைக்காலத்துக்கு ஒதுக்கிவிட்டோம். வீட்டுப் பழுது ஒரு கோடைக்கு ஒன்றே. அது முடிந்து கொல்லையைக் கூட்டி ஆணி பொறுக்கிய பிறகே அங்கே கால் வைக்கிறேன். நந்தவனத்துக்கென்றே கழுவி வைத்த ஒரு ஜோடி மூடிய காலணி உண்டு. பெருமாள் இதற்குக் குறை சொல்லமாட்டார்.

சர்க்கரை உள்ள அன்பர்களுக்கு, பட்டவன் என்ற முறையில் சில வார்த்தைகள். கோடை நண்பகலில் பிராகாரத்துக் கருங்கல் நெருப்பாய்க் காயும். உணர்விழந்த காலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் எழுந்த பின்னரே தெரியும். வலம் வருவதைக் காலை வெயில் ஏறுமுன்போ, மாலையில் தரை ஆறிய பின்போ வைத்துக்கொள்ளுங்கள். இரவு படுக்குமுன் உள்ளங்காலின் கீழ்க் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். பார்வை மங்கியிருந்தால் பேரனையோ பேத்தியையோ பார்க்கச் சொல்லுங்கள். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். பாதத்தில் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. ஏகாதசி உபவாசம் இருப்போர், அன்றைக்கு மாத்திரையை எப்படிக் கொள்வது என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டுவிடுங்கள். உண்ணாமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.

அந்தப் பிள்ளை இப்போது வெளியூரில் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறையில் வந்தால் முதல் நாள் விடியலிலேயே கொல்லைக் கதவைத் தட்டுகிறான். நான் எழுந்து போய்த் திறந்து, பூக்குடலையை அவன் கையில் கொடுக்கிறேன்.

இந்த இதழைப் படித்து முடித்ததும், விளக்கருகே அமர்ந்து உங்கள் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். அவன் சந்நிதிக்கு நம்மை இத்தனை காலம் சுமந்து சென்ற கால்கள் அவை.