விதவையின் காணிக்கைக்குக் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சி ஊழியக்காரர்களின் சொத்துகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைக் கண்டித்து வந்த கடிதங்களைப் படித்தேன். அவற்றை எழுதியவர்கள் எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்துபோக வேண்டும்.

பீடி சுற்றிப் பிழைக்கும் விதவைத் தாய் ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். டி.வி.யில் ஓர் ஊழியக்காரர் அறிவித்த பங்காளர் திட்டத்தில் சேர்ந்து மாதாமாதம் 500 ரூபாய் அனுப்பிவந்தார். போன மாதம் மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, திரையில் ஓடும் நம்பருக்குப் போன் போட்டு உதவி கேட்டிருக்கிறார். ஜெபித்தார்களாம். ஜெபம் முடிந்ததும், விசுவாசத்தோடு இன்னொரு காணிக்கையை விதைத்தால் மகன் எழுந்துவிடுவான் என்றார்களாம். காதில் கிடந்த தோட்டை அடகுவைத்து அதையும் அனுப்பிவிட்டார் அந்த அம்மா! கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டணத்தைச் சபையின் பெண்கள் வீடுவீடாகப் போய்த் திரட்டிக் கட்டினார்கள்.

இந்த 'விதைக் காணிக்கை' உபதேசம் அமெரிக்க டி.வி. பிரசங்கிகளிடமிருந்து இறக்குமதியானது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அங்கேயே பார்த்துவிட்டோம். 2015-இல் கிரெஃப்ளோ டாலர் என்ற பிரசங்கி 6.5 கோடி டாலர் ஜெட் விமானத்துக்காக விசுவாசிகளிடம் கையேந்தினார். 2018-இல் ஜெசி டுப்ளாண்டிஸ் என்ற இன்னொரு பிரசங்கி 5.4 கோடி டாலர் விமானம் ஒன்றைக் கேட்டார். அவருடைய ஊழியத்துக்கு அது நான்காவது விமானம். அமெரிக்க செனட்டர் சக் கிராஸ்லி 2007-இல் இப்படிப்பட்ட ஆறு ஊழியங்களிடம் கணக்குக் கேட்டார். இரண்டு ஊழியங்கள்தான் ஒழுங்காகப் பதில் சொல்லின. 2011-இல் யாருக்கும் எந்தத் தண்டனையும் இல்லாமல் விசாரணை முடிந்துபோனது.

கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்களைக் குறை சொல்லலாமா என்கிறார்கள் உங்கள் கட்டுரையைக் கண்டிப்பவர்கள். தாவீது ராஜாவின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்ன நாத்தான் தீர்க்கதரிசிக்கு இவர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? ஏழை விதவையின் இரண்டு காசை வைத்து மணிக்கணக்கில் பிரசங்கிக்கிறவர்கள், மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் அதற்குச் சற்று மேலே, விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிப்பதை மட்டும் வாசிப்பதே இல்லை. மனமுவந்து கொடுத்த பணம்தானே என்பது இன்னொரு வாதம். நோயில் கிடக்கும் பிள்ளையைக் காட்டிப் பயமுறுத்தி வாங்குவது மனமுவந்து கொடுத்ததாகாது.

காணிக்கையை எப்படிச் செலவிடுவது என்று நமக்கு வெளியூர்க்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-இல் அசரியா என்பவரின் முயற்சியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, அந்நியப் பணத்தை எதிர்பாராமல் தங்கள் காணிக்கையிலிருந்தே தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் கொடுத்த பெண்களின் வழிவந்த சபைகள் இவை. எங்கள் சபையில் இன்றும் வரவு செலவை எல்லார் முன்னிலும் வாசிக்கிறோம். எளியவர்கூட எழுந்து கேள்வி கேட்கலாம்.

பேராயர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதே ஊழியக்காரர்களின் கூட்டங்களுக்குப் போய் மேடையில் அமர்ந்து பொன்னாடை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஆடு மேய்க்கும் பொறுப்பு யாருடையது? தணிக்கை செய்த கணக்கை, சம்பளமும் சொத்தும் உட்பட, விசுவாசிகளுக்கு வெளியிடாத எவருடைய மேடையிலும் ஏறுவதில்லை என்று பேராயர்கள் அறிவிக்க வேண்டும். டி.வி.யைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்களும் முதலில் அந்தக் கணக்கைக் கேளுங்கள். தர மறுத்தால், அந்த 500 ரூபாயை உங்கள் தெருவில் நோயாளி இருக்கும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்,
ஆலங்குளம்.