நோ காஸ்ட் இஎம்ஐ: கரும்புப் பணத்துக்கு ஒத்து வருமா?

ஆஃபர் சீசன் வந்தாலே எல்லாரும் கேக்குற கேள்வி: ஆன்லைன்ல நோ காஸ்ட் இஎம்ஐ-யில வாங்கலாமா, கடையில வாங்கலாமா? என் கருத்து: மாதச் சம்பளம் இல்லாதவங்க முதல்ல கடையில விசாரிங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன்.

30,000 ரூபாய் ஃபிரிட்ஜ், 6 தவணை, மாதம் 5,000. வட்டி இல்லையா? இருக்கு. ஆண்டுக்கு 15% என்று வைத்தால் சுமார் 1,270 ரூபாய். விற்பவர் அதைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார். வங்கி தவணையில் வட்டியாக வாங்கிக்கொள்கிறது. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, 229 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் ஃபீஸ் 199 என்றால் வரியோடு 235. ஆக, ‘செலவில்லாத’ தவணைக்கு 464 ரூபாய்! ஜீரோ வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

சரி, 464 ரூபாய் போனா போகட்டும். உண்மையான சிக்கல் தவணைத் தேதி.

படாளம், மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். கரும்புப் பணம் மாசாமாசம் வராது. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளில் ஆலை பணம் தரணும். தாமதமானால் ஆண்டுக்கு 15% வட்டி. ஆனா நீங்க கார்டு பில்லைத் தவறவிட்டா? பல கார்டுகளில் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல. வருஷத்துக்கு 36-ஐத் தாண்டும். லேட் ஃபீஸ் தனி. சிபில் ஸ்கோரும் இறங்கும். அடுத்து டிராக்டர் லோனுக்குப் போறப்ப அது முன்னாடி வந்து நிக்கும்.

தெரிஞ்ச கடைக்காரர்கிட்ட “வெட்டு முடிஞ்சதும் மீதி தர்றேன்”னு கேட்டுப் பார்க்கலாம். ஆப் கிட்ட கேக்க முடியாது.

அதுக்காக கடை எல்லாம் நல்லது, ஆன்லைன் எல்லாம் மோசம்னு சொல்லல. கடையில ஃபைனான்ஸ் கம்பெனி தவணை எடுத்தாலும் இதே தவணைத் தேதிச் சிக்கல்தான். பில் வாங்காம வந்தா வாரன்டிக்கு அலையணும். முழுப் பணமும் கையில இருந்து, ஆன்லைன்ல விலை குறைவுன்னா தாராளமா வாங்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம்:

1. ஆன்லைன்ல கடைசியா வர்ற மொத்தத் தொகையைக் கடைக்காரர்கிட்ட காட்டி, “ரொக்கத்துக்கு என்ன விலை?”னு கேளுங்க.

2. நீங்க கேக்காத இன்சூரன்ஸ், நன்கொடை பில்லில் சேர்ந்திருந்தா எடுத்துடுங்க. இதுபோன்ற 13 ஏமாற்று உத்திகளுக்கு எதிராக 2023 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. புகாருக்கு 1915.

3. ஒவ்வொரு தவணைத் தேதிக்கும் பணம் எங்கிருந்து வரும்னு பேப்பர்ல எழுதுங்க. ஒரு மாசம் காலியா இருந்தாலும், வெட்டு முடியுற வரைக்கும் தள்ளிப்போடுங்க.