பெரியம்மா வீட்டு மாடமும் அண்ணனின் பவளத் தொட்டியும்

கடியப்பட்டணத்தில் பெரியம்மா கட்டிய புது வீட்டின் ஹால் சுவரில், நாலடி நீளத்துக்கு ஒரு மாடம் விட்டிருக்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் ஏழு வருஷமாக வளர்க்கும் பவளத் தொட்டிக்காக விட்ட இடம் அது. ஜன்னலைத் திறந்தால் கடல் இரையும் வீட்டில் இன்னொரு கடல் எதற்கு என்பது பெரியம்மாவின் கேள்வி. இப்போதைக்கு அங்கே மாதா சுரூபம் இருக்கிறது.

அண்ணன் இந்த வருஷக் கடைசியில் ஊருக்கே திரும்பிவிடப் போகிறார். "பவளத்தையும் கொண்டுவர வழி உண்டா? நீ பத்திரிகையில்தானே இருக்க, விசாரிச்சுச் சொல்லு மக்கா" என்றார்.

விசாரித்தேன். வழி இல்லை.

பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. மீறினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கரையில் ஒதுங்கிய செத்த பவளக் கல்லை ஷோகேஸில் வைப்பதும் வம்புதான். போதாததற்கு சைட்டீஸ் என்கிற சர்வதேச வணிக ஒப்பந்தப் பட்டியலிலும் பவளம் இருக்கிறது. அனுமதிச் சீட்டில்லாமல் எந்த எல்லையையும் தாண்டாது. பெட்டிக்குள் வைத்து எடுத்துவருகிற சமாசாரமே இல்லை.

சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பிரிச்சுக் கொடுத்திர வேண்டியதுதான்" என்றார்.

இந்தத் தொட்டியை முதன்முதலில் வீடியோ காலில் காட்டியபோது பெரியப்பா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இது பாருல்லா! இதுக்குள்ள களவா கிடக்குமே." கடலடிப் பாறைத் திட்டுக்கு நம் கடற்கரையில் பார் என்றுதான் பெயர். நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனிதர், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

பவளத்தைக் கல் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது உயிர். மொச்சைப் பயறை விடச் சின்னதாகக்கூட இருக்கும் லட்சக்கணக்கான பூச்சிகள் சுண்ணாம்பு வீடு கட்டிக் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. வெப்பம் ஓரிரு டிகிரி ஏறி அப்படியே சில வாரம் நின்றால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும். அதனால்தான் அண்ணன் தண்ணீரை 26 டிகிரியிலேயே பிடித்து வைக்கிறார். கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம். வாரம் பத்து சதவிகிதம் தண்ணீர் மாற்ற வேண்டும். ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றுவார். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், அதற்கும் உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

புதுத் தொட்டியை விடப் பழைய தொட்டிதான் பாடு. கூட்டுக் குடும்பத்தில் எல்லோரும் பெரியவர்களான மாதிரி இடத்தகராறு வந்துவிடும். மேலே படர்ந்தது கீழே இருப்பதன் வெளிச்சத்தை மறைக்கும். கிளை அடர்ந்தால் உள்ளே நீரோட்டம் போகாது, கழிவு தங்கும். சில வகைகள் இரவில் நீளமான கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்து வீட்டுக்காரரைச் சுட்டுவிடும். பகலில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத முகம்!

அண்ணன் மூன்று சனிக்கிழமைகளாகப் பிரித்து வேலை செய்தார். ஒரே நாளில் எல்லாக் கல்லையும் எடுத்தால் தண்ணீர் கெட்டுவிடுமாம். முதல் நாளே உப்புத் தண்ணீர் கலந்து வைத்துக்கொண்டார். எடுத்த கல்லைத் தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் வைத்தார். அடி மணலை மட்டும் கிளறவே இல்லை. ஏழு வருஷ மணலுக்குள் அழுகின முட்டை வாடை அடிக்கும் விஷவாயு இருக்கலாம். பவளத்தை எலும்பு வெட்டும் கட்டரால் நறுக்கி, சின்னச் சின்ன வில்லைகளில் சூப்பர் க்ளூ ஜெல் வைத்து ஒட்டி, நண்பர்களுக்குக் கொடுத்தார். நிழலில் இருந்த துண்டை நேராக விளக்கடியில் வைக்க வேண்டாம், அடியில் வைத்துச் சில வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினார்.

கையில் உறை, கண்ணில் கண்ணாடி இல்லாமல் அவர் தொட்டியில் கை விடுவதில்லை. பொத்தான் பூ மாதிரி படரும் ஸோஆந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான விஷம் உண்டு. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு சறுக்கல். பாதிப் பவளம் போன பிறகும் கால்சியம் ஊற்றும் பம்ப் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. குடிக்க ஆள் இல்லாமல் அளவு எகிற, மிச்சமிருந்ததில் ஒரு கிளையின் நுனி வெந்து போனது. "ஆள் குறைஞ்சா உலையும் குறையணும்லா, மறந்துட்டேன்" என்றார்.

இந்த நறுக்கி ஒட்டும் வேலையைத்தான் தூத்துக்குடிக் கடலிலும் செய்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள். சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளத்தை வெட்டியெடுத்தது முக்கியக் காரணம். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல், பவளத் துண்டுகளைச் சிமென்ட் பலகையில் கட்டி, கான்கிரீட் சட்டங்களில் வைத்துக் கடலடியில் வளர்க்கிறார்கள். 2010, 2016 வெப்ப அலைகளில் அங்கேயும் பவளங்கள் வெளுத்தன. கடலுக்கு ஏசி போட முடியாது. "நம்ம பக்கத்துல இவ்வளவு நடக்கா?" என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டார்.

ஊரில் உப்புத்தண்ணீர்த் தொட்டியே வைக்கக் கூடாது என்றில்லை. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைப் பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலில் பிடிக்காத, பண்ணையில் பிறந்த ஜோடி ஒன்று போதும் என்கிறார் அண்ணன். கல்லுக்குச் சிமென்ட். அதைச் சில வாரம் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் காரத்தை எடுத்த பிறகே மீன் விட வேண்டும். கடல் தண்ணீர்தான் வாசலிலேயே இருக்கிறதே என்றேன். வள்ளியாறு கலக்கும் பக்கம் எடுக்காதே, மழைக்காலத்தில் உப்பு குறைந்து கலங்கிக் கிடக்கும், பாறைப் பக்கமாக எடு என்று பெரியப்பா குறுக்கே விழுந்து சொன்னார்.

போன ஞாயிறு டேப் எடுத்து மாடத்தை அளந்து அனுப்பச் சொன்னார் அண்ணன். அளந்துகொண்டிருக்கும்போது பெரியம்மா வந்து நின்றார்.

"மீன் வந்தா மாதாவை எங்க வைக்க?"

அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.