மணிக்கு எத்தனை சதுர மீட்டர்?



கராடியில் விளம்பரப் பலகைக் கடை நடத்திவரும் என் அத்தான் சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று என்னை அழைத்தார். "தம்பி, நீ ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவன். இருப்பவற்றுள் மிக வேகமான யு.வி. அச்சு இயந்திரத்தை வாங்க எண்ணியிருக்கிறேன். வங்கிக் கடன் போதாது. அக்காள் நகைகளை அடகு வைக்க வேண்டும். கணக்கைப் பார்த்துச் சொல்" என்றார். அடுக்களை வாயிலில் நின்ற அக்காள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனமே என்னை இக்கணக்கில் ஈடுபடச் செய்தது.

அத்தானின் அவசரத்திலும் நியாயம் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, கடைப் பலகைகளில் தேவநாகரி எழுத்தில் மராத்தி இருத்தல் வேண்டும், அது பிறமொழி எழுத்தினும் சிறியதாகலாகாது என்றாயிற்று. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மும்பைக் கடைக்காரர்களுக்கு இரண்டு மாத அவகாசம் அளித்தது. அந்தப் பரபரப்பு இங்கும் எட்டியது. வந்த வாடிக்கையாளர் பலர், தாமதம் கண்டு வேறு கடைக்குச் சென்றனர். பழி முழுவதும் பழைய இயந்திரத்தின் மீது விழுந்தது.

பழைய இயந்திரம் வினைல் தாளில் அச்சிடும். அந்த மையின் கரைப்பான் ஆவியாக ஏறக்குறைய ஒரு நாள் காத்திருந்து, பின்பே மேலுறை இட்டுப் பலகையில் ஒட்ட இயலும். யு.வி. இயந்திரமோ அக்ரிலிக் பலகையின் மீதே நேராக அச்சிடுகிறது. புற ஊதாக் கதிர் பட்டவுடன் மை இறுகிவிடுகிறது. எல்.இ.டி. விளக்குள்ளவற்றில் வெப்பமும் குறைவு. மெல்லிய பலகை வளைவதில்லை.

வேகத்தின் செய்திக்கு வருவோம். நம் டெக்கான் குவீன் வண்டி சமவெளியில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட வல்லது. ஆயினும் புனேயிலிருந்து மும்பைக்கு உள்ள 192 கிலோமீட்டரை ஏறக்குறைய மூன்றேகால் மணியில் கடக்கிறது. சராசரி 60 அளவே. மலைப்பாதையும் நிறுத்தங்களும் உண்டல்லவா? விற்பனைத் தாளில் அச்சிட்டிருக்கும் வேகமும் அத்தகையதே.

எங்கள் பலகையையும் படத்தையும் எடுத்துக்கொண்டு விற்பனையாளரிடம் சென்றோம். தாளில் மணிக்கு 50 சதுர மீட்டர் என்றிருந்தது. எட்டடிக்கு நான்கடிப் பலகை ஏறக்குறைய 3 சதுர மீட்டர். நான்கு நிமிடத்தில் முடிய வேண்டும். அந்த வேகத்தில் அச்சிட்டபோது நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்தன. வெள்ளை மை அடியில் இட்டு, வாடிக்கையாளர் ஏற்கும் தரத்தில் அச்சிட 14 நிமிடம். துடைத்து, ஏற்றி, நேர்நிறுத்த 6 நிமிடம். ஆக மணிக்கு மூன்றே பலகைகள். அதனினும் மெதுவான, விலை மிகக் குறைந்த மற்றொன்று மணிக்கு இரண்டு பலகை தந்தது. இரண்டிலும் ஒட்டுநாடா ஒட்டிப் பிய்த்தோம், மை உரியவில்லை.

வீடு திரும்பிக் கடைப் பேரேட்டைப் புரட்டினேன். ஒரு நாளைக்கு எட்டுப் பலகைக்கு மேல் எழுதப்பட்ட நாளே இல்லை. சட்டம் இணைத்தலும், விளக்கு பொருத்தலும், ஏணியேறி மாட்டுதலும் இரண்டு ஆட்களால் நடந்தன. வேலை தேங்கியது அங்கேதான். மை உலரும் ஒரு நாளும் அதனுடன் சேர்ந்தது. அந்த ஒரு நாளை எந்த யு.வி. இயந்திரமும் மிச்சப்படுத்தும். மிகுவேகம் மிச்சப்படுத்துவதோ சில நிமிடங்களையே.

அத்தான் நெடுநேரம் பேரேட்டையே பார்த்திருந்தார். பின்பு, "அந்தச் சிறியதே போதும், இன்னோர் ஆளை வைத்துக்கொள்கிறேன்" என்றார். அதற்கு வங்கிக் கடனே போதும். ஆயினும் வெள்ளை மை அடியில் படியாதபடி சுழற்றும் அமைப்பு உண்டா, அச்சுத் தலை பழுதுற்றால் விலை என்ன, பழுது பார்ப்பவர் புனேயிலேயே உள்ளாரா என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே முன்பணம் கொடுத்தோம்.

தொழில் நடத்தும் அன்பர்கள் எந்த இயந்திரம் வாங்கினும், தம் சொந்த வேலையையும் கைக்கடிகாரத்தையும் உடன்கொண்டு செல்வாராக. அதற்கு முன், தம் கடையில் வேலை எங்கே தேங்குகிறதென்று காண்பாராக.

அன்று மாலை அக்காள் எனக்கு இரண்டாம் முறையும் காப்பி கொடுத்தார். அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.