தாய்மாருக்குச் செய்த பரிசோதனையை மற்றவர்களுக்கும் வழமையாக்குவோம்

வடக்கில் எச்.ஐ.வி. பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. 'யாழில் அதிகரிப்பு' என்று ஒரு தலைப்பு, அதன் கீழே ஓர் எண்ணிக்கை, கடைசியில் கலாசாரச் சீரழிவு பற்றிய கவலை. பரிசோதனை கூடினால் கண்டறியப்படுவோர் தொகையும் கூடும் என்ற சாதாரண விளக்கம் கூட அங்கே இருக்காது. எங்கே போய்ப் பரிசோதிக்கலாம், எந்த நோய் முற்றாகக் குணமாகும் என்ற விபரமும் இருக்காது. இப்படியான செய்திகளைப் பல வருடங்களாக வாசித்து வருபவன் என்ற வகையில், இந்த விடயத்தில் எங்களிடம் ஏற்கனவே உள்ள ஒரு வெற்றியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

2019ஆம் ஆண்டின் இறுதியில், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. இது பெரிய பிரசாரத்தால் வந்ததல்ல. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் பதிந்தவுடன் இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. குடும்பநல உத்தியோகத்தர் அதை எல்லோருக்கும் சொல்வது போலவே சொல்கிறார், தாயும் போகிறார். 'உனக்கு ஏன் இந்தப் பரிசோதனை' என்று மாமியாரோ அயலவரோ கேட்பதில்லை. எல்லோருக்கும் செய்யப்படுவதால் அதில் வெட்கத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. தொற்று இருந்தால் நேரத்தோடு தெரிகிறது, மருந்து கிடைக்கிறது, பிள்ளை தப்புகிறது.

ஆனால் அந்தத் தாயின் கணவரை வழமையாக யாரும் பரிசோதிப்பதில்லை. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தொற்று இல்லாத ஒரு பெண்ணுக்குப் பின்னர் கணவரிடமிருந்து அது வரலாம். திருமணமாகாத இளைஞர்கள், கணவரை இழந்த பெண்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஆகியோரும் இந்த வழமைக்கு வெளியிலேயே நிற்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? பாலியல் தொற்றுகளில் பல, அறிகுறி காட்டாமலே உடலில் இருக்கும். சிபிலிஸ் முதலில் நோவில்லாத ஒரு புண்ணாக வரும். மருந்து போடாமலே அந்தப் புண் ஆறிவிடும். ஆள் சுகமென்று நினைப்பார், ஆனால் கிருமி உள்ளே இருக்கும். பல வருடங்களின் பின்னர் அது இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியே போதும். வெட்டை எனப்படும் கொனோரியாவும் கிளமிடியாவும் பெண்களிடம் பெரும்பாலும் வெளியில் தெரியாது. கவனிக்காமல் விட்டால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகவும் காரணமாகலாம். இவற்றோடு ட்ரைக்கொமோனியாசிசும் சேர்த்து இந்த நான்கும் குணப்படுத்தக்கூடியவை. உலகில் நாளொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இவை புதிதாகத் தொற்றுவதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. எனவே இதை ஏதோ ஓர் ஊரின் ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்ப்பதில் பொருளில்லை.

எச்.ஐ.வி.யை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. ஆனால் நாளாந்தம் மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்தவர் பாலியல் உறவினால் மற்றவருக்கு அதைக் கடத்துவதில்லை. அவர் வேலை செய்யலாம், மணம் முடிக்கலாம், பிள்ளை பெறலாம்.

பிறகும் ஏன் போகத் தயங்குகிறோம்? எங்கள் மண்ணில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். முப்பது வருடங்களாகப் பதிவு என்றாலே எங்களுக்கு ஆபத்து. சோதனைச்சாவடியிலும் முகாமிலும் கொடுத்த பெயர் எங்கே போகும் என்று தெரியாமல் வாழ்ந்தோம். தடுப்பில் இருந்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடந்த பாலியல் வன்முறையை 2015இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை பதிவு செய்தது. அந்தக் கொடுமையை வீட்டாருக்குக் கூடச் சொல்லாமல் வாழ்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. பரிசோதிக்கப் போவதற்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றில்லை. இரத்தத்தைப் பரிசோதியுங்கள் என்று கேட்டாலே போதும்.

அயலவர் பற்றிய பயமும் பொய்யல்ல. 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. என்று கதை பரவியது. அவனுக்குத் தொற்றே இல்லை. ஆனாலும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இறுதியில் கண்டி திருத்துவக் கல்லூரிதான் அவனைச் சேர்த்துக்கொண்டது. சேர்ந்து படிப்பதால், உண்பதால், கை கொடுப்பதால் எச்.ஐ.வி. பரவாது என்று அறிந்த ஊரில் அந்தக் கதை எடுபட்டிருக்காது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. போவதற்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. விபரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதே அங்குள்ள நடைமுறை. தொற்று நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் 72 மணித்தியாலத்துக்குள் போவது நல்லது. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை அதற்குள்தான் தொடங்கலாம். ஆரம்ப வாரங்களில் பரிசோதனையில் தொற்றுத் தெரியாமல் போகலாம், எனவே திரும்ப வரச் சொன்னால் திரும்பப் போக வேண்டும். பாமசியில் கேட்டு வாங்கும் குளிசை அறிகுறியை மறைத்துவிட்டு நோயை மிச்சம் வைக்கலாம். துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்யாவிட்டால் தொற்று மீண்டும் வரும்.

தடுப்புக்கு ஆணுறை எளிய வழி. பாடசாலைகளில் 2017 முதல் மாணவிகளுக்குப் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து காக்கிறது. பெற்றோர் அதற்குச் சம்மதம் கொடுக்கத் தயங்கக் கூடாது. குடாநாட்டு இளைஞரிடையே போதைப்பொருளை ஊசியால் ஏற்றும் பழக்கம் பேசப்படும் இந்நாட்களில், ஒரே ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சியும் பரவும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் விசாவுக்காக இதே எச்.ஐ.வி. பரிசோதனையைச் செய்கிறார்கள். இரத்த தானம் செய்பவரின் குருதியும் பரிசோதிக்கப்படுகிறது. இவற்றை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. கலியாணம் பேசும்போது சாதகம் பார்க்கும் வீடுகள், இரு பக்கத்தாரும் பரிசோதனை செய்வதையும் ஒரு வழமையாக்கலாம். கர்ப்பிணியோடு கிளினிக்குக்கு வரும் கணவரிடமும் அதே நாளில் இரத்தம் எடுக்கும் ஏற்பாட்டை மாகாண சுகாதாரத் திணைக்களம் சிந்திக்கலாம். தாய்மாரிடம் வெட்கத்தை நீக்கியது எல்லோருக்கும் பொதுவான ஒரு நடைமுறைதான். மற்றவர்களுக்கும் அதுவே போதுமானது.