பட்டியலில் உம்மாவின் பெயரும் இருக்கட்டும்

ஒரு கிழமைக்கு என்ன சமைப்பது, எதை எவ்வளவு வாங்குவது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதைப் பலர் சில்லறை விடயமாகவே கருதுகின்றனர். மனைப்பொருளியல் பாடத்தில் உணவுத் திட்டமிடல் பற்றிப் படிக்கிறோம், அட்டவணை வரைகிறோம், புள்ளியும் பெறுகிறோம். ஆனால் அப்படியோர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும் குசினிகள் நம் ஊரில் எத்தனை? "அதெல்லாம் உம்மா பார்த்துக்கொள்வா" என்பதே பொதுவான பதில். அந்தப் பதில் போதாது என்பது என் கருத்து. பணத்தை மிச்சப்படுத்துவது மட்டும் இதற்குக் காரணமல்ல. திட்டம் எழுதப்படாத வீட்டில் பணம் போதாமற் போகும்போது, அந்தக் குறை யாருடைய பீங்கானில் விழுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

விலைவாசி என்றால் என்ன என்பதை நம் தலைமுறைக்குக் கற்பித்த ஆண்டு 2022. அந்த ஆண்டு செப்டெம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. அதாவது, ஓராண்டுக்கு முன்னர் 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருட்களுக்கு ஏறக்குறைய 1,950 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் பணவீக்கம் இறங்கியது. ஆனால் பணவீக்கம் இறங்கினால் விலை ஏறும் வேகம் குறையுமே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பிவிடாது. வருமானம் அந்த அளவுக்கு ஏறாத வீடுகளில் அந்த இடைவெளியை யாரோ ஒருவர் நிரப்ப வேண்டும். அநேகமான வீடுகளில் அந்த ஒருவர் உம்மாதான்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் ஐந்து பேர். மீன் ஆணம் காய்ச்சினால் வாப்பாவுக்கு நல்ல துண்டு. நானாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் அடுத்த துண்டுகள். வாப்பாவுக்கு இரவுக்கும் ஒன்று மூடி வைக்கப்படும். உம்மாவுக்குத் தலையும் ஆணமும். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. உம்மா கடைசியாகச் சாப்பிடுவதால் அவ்வாறு அமைந்துவிடுகிறது. முட்டை விலை ஏறி, ஐந்து முட்டை பொரித்த இடத்தில் நான்கு பொரித்தால், குறைந்த அந்த ஒன்று யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

சென்ற ஆண்டு உம்மா அடிக்கடி தலைசுற்றுகிறது என்று சொல்லி கிளினிக்குக்குப் போனார். இரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9. பெண்களுக்கு அது 12க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மீன், கீரை, பருப்பு எல்லாம் சாப்பிடுகிறீர்களா என்று வைத்தியர் கேட்டார். "வீட்டில் எல்லாம் சமைக்கிறேன்" என்றார் உம்மா. சமைக்கிறேன் என்று சொன்னாரே தவிர, சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை.

நம் சமூகத்துக்குச் சமமாகப் பகிர்ந்துண்ணத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்கிறோம். இறைச்சி ஆறு பேருக்கும் முன்னால் இருக்கிறது. ஒருவர் பங்கு குறைந்தால் மற்ற ஐவருக்கும் தெரியும். பக்கத்தில் இருப்பவரே தன் கையால் எடுத்து அந்தப் பக்கம் வைப்பார். அங்கே பங்கு எல்லோரின் கண்முன்னே நடக்கிறது. செவ்வாய்க்கிழமைப் பகல் சாப்பாட்டில் அது அடுப்படியில், யாரும் பாராத நேரத்தில் நடக்கிறது. கிழமைத் திட்டத்தைக் காகிதத்தில் எழுதினால், அடுப்படியில் நடக்கும் பங்கீடும் சஹனைப் போல எல்லோர் கண்ணிலும் படும்.

இப்போது எங்கள் வீட்டில் வியாழன் இரவு இஷாவுக்குப் பிறகு எல்லோரும் கூடி அந்தத் திட்டத்தை எழுதுகிறோம். சாப்பாட்டுச் செலவுக்கு வாப்பா ஒதுக்கக்கூடிய தொகை கிழமைக்கு 9,000 ரூபா. நாங்கள் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டில் மீதமிருப்பதைப் பார்த்து எழுதுகிறோம். அரைக் கிலோ பருப்பு இருக்கும்போது இன்னொரு கிலோ வாங்குவதும், மூலையில் கிடக்கும் உருளைக்கிழங்கு முளைவிட்ட பிறகு வீசுவதும் பணத்தை வீசுவதற்குச் சமம். வீண்விரயம் கூடாது என்பது சிறுவயதில் ஓதும்போதே நாம் கேட்ட பாடம்.

அடுத்தது, கறியை முதலில் தீர்மானித்துவிட்டுச் சந்தைக்குப் போவதில்லை. சந்தையில் மலிவாக இருப்பதைக் கொண்டே கறியைத் தீர்மானிக்கிறோம். கிழக்குக் கரையில் இருக்கும் எங்களுக்குக் கரட்டும் லீக்ஸும் மலையிலிருந்து லொறியில் வர வேண்டும். அந்தக் கூலியும் விலையில் சேர்ந்திருக்கும். கத்தரி, வெண்டி, பூசணி, பயற்றங்காய், முருங்கையிலை என்பன பக்கத்துத் தோட்டங்களிலேயே கிடைக்கும். மீனும் அப்படியே. அறுக்குளா ஒரு கிலோ வாங்கும் காசில் சூடை, கீரி போன்ற சிறு மீன்களைக் கூறு கூறாக வாங்கலாம். புரதத்தில் அவை குறைந்தவையல்ல. முள்ளோடு மென்று தின்னக்கூடிய மீனில் கல்சியமும் கிடைக்கிறது. வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும் என்பது ஒவ்வொரு வருடமும் நாம் அறிந்ததே. அந்த வாரங்களுக்கு நெத்தலிக் கருவாடு, முட்டை, பருப்பு, கடலை என்று எழுதிவிடுகிறோம். 2024 இன் இறுதியில் தேங்காய் விலை ஏறியபோது, பால் விடாத கறி எத்தனை நாள், சம்பல் எத்தனை நாள் என்று எண்ணி எழுதியதால் சமாளிக்க முடிந்தது.

மூன்றாவதுதான் இக்கட்டுரையின் மையம். எங்கள் தாளில் நாட்களுக்கு மட்டுமல்ல, ஆட்களுக்கும் கட்டம் உண்டு. கிழமைக்கு 15 முட்டை என்றால் ஆளுக்கு 3. மீன் துண்டுகளும் அப்படியே எண்ணப்படும். விலை ஏறி 15 முட்டை 10 ஆனால் ஆளுக்கு 2. குறைவது எல்லோருக்கும் குறையும். உம்மாவின் கட்டம் வெறுமையாக இருந்தால் அது தம்பியின் கண்ணிலேயே படுகிறது. "உம்மா, உங்கட முட்டை இன்னும் இருக்குது" என்று அவன் சொல்கிறான். இதற்காக நாங்கள் ஒரு சதமும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. இரத்தம் குறைந்தவருக்குக் கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்க்க வேண்டும், சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கக் கூடாது என்பவற்றையும் அதே தாளின் அடியில் எழுதி வைத்திருக்கிறோம். தேசிக்காய் இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவுகிறது, தேயிலை அதைத் தடுக்கிறது.

நான்காவதாக, சந்தைக்குப் போகிறவரும் சமைக்கிறவரும் ஒன்றாக இருந்து பட்டியலை எழுதுகிறோம். நம் ஊர்களில் பெரும்பாலும் சந்தைக்குப் போவது ஆண்கள், சமைப்பது பெண்கள். வாங்குகிறவருக்கு வீட்டில் என்ன மீதமுண்டு என்று தெரியாது. சமைக்கிறவருக்கு இன்றைய விலை தெரியாது. வாப்பா கண்ணுக்கு அழகான மீனைக் கொண்டுவருவார், வீட்டில் மிளகாய்த்தூள் முடிந்திருக்கும். பிறகு பக்கத்துக் கடையில் 50 கிராம் பைக்கற் வாங்க ஆள் ஓட வேண்டும். சிறிய பைக்கற்றில் கிராம் கணக்குப் பார்த்தால் அநேகமாக விலை கூடத்தான். இப்போது நானாவும் பட்டியலோடு சந்தைக்குப் போகிறார். ஒரு கிலோ போஞ்சியின் விலை இன்று அவருக்கும் தெரியும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. "உம்மாவுக்குத் தெரியாததை நீ கற்பிக்கப் போகிறாயா?" என்று கேட்கலாம். இல்லை. என்னைவிட நூறு மடங்கு உம்மாவுக்குத் தெரியும். இருபது வருடமாக இந்தக் கணக்கை எழுத்தில்லாமல் மனத்திலேயே சுமந்தவர் அவர். நாளைக்கு என்ன ஆக்குவது என்ற கவலையோடு படுக்கப் போகிறவரிடமிருந்து அந்தச் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதே இந்தத் தாளின் வேலை.

"எண்ணி எண்ணிச் சாப்பிட்டால் பரக்கத் போய்விடும்" என்று என் மூத்தம்மா சொன்னார். கஞ்சத்தனத்துக்காக எண்ணினால் அந்தப் பயம் நியாயமானது. ஒருவரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக எண்ணுவது வேறு. விருந்தாளி வந்தால் நாங்கள் பட்டியலைத் தூக்கிக் காட்டுவதில்லை. இருப்பதைப் பகிர்கிறோம். அப்படிப் பகிரும்போதும் உம்மாவின் பங்கு மட்டும் போய்விடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்றாவது மறுப்பே கனமானது. நாட்கூலிக்குப் போகிற குடும்பத்துக்குக் கிழமைக்கான பணம் ஒன்றாகக் கையில் வருவதில்லை. அன்றன்று உழைத்து அன்றன்று வாங்குகிறார்கள். கடைக் கொப்பியில் கடனும் இருக்கிறது. "மொத்தமாக வாங்குங்கள், மிச்சம்" என்று அவர்களிடம் சொல்வது வயிற்றெரிச்சலைக் கிளப்பும். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் மொத்தமாக வாங்க முடியாத வீட்டிலும் திட்டம் எழுதலாம். இன்று அரிசி, நாளை பருப்பு, நாளை மறுநாள் எண்ணெய் என்று முறை வைக்கலாம். அரைக் கூறு மீன் வாங்கினாலும் அதை ஆட்களின் எண்ணிக்கைக்குப் பிரிக்கலாம். சொல்லப்போனால், குறைவாக இருக்கும் வீட்டில்தான் ஒருவருடைய பங்கு முழுதாகக் காணாமற் போகும் ஆபத்து அதிகம்.

சகோதரிகளே, நம்மில் பலர் நாளை ஒரு வீட்டின் குசினிப் பொறுப்பை ஏற்கப் போகிறவர்கள். தொழிலும் பார்த்துக்கொண்டு வீட்டையும் நடத்தப் போகிறவர்களும் இருப்பீர்கள். கடைசியாக உண்பதையும் குறைவாக உண்பதையும் பெண்ணுக்கு ஒரு சிறப்பாகச் சொல்லிச் சொல்லி நம்மை வளர்க்கிறார்கள். தியாகம் உயர்ந்த குணம்தான். ஆனால் ஒரு வீட்டின் வரவுசெலவு, ஒருவர் ஒவ்வொரு நாளும் குறைத்துச் சாப்பிடுவதை நம்பி ஓடக் கூடாது. அவர் நோயில் விழுந்தால் மருந்துச் செலவும் அதே வரவுசெலவில்தான் வரும்.

இந்த வியாழக்கிழமை அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளை எடுங்கள். மேலே ஏழு நாட்களையும் எழுதுங்கள். இடப்பக்கம் வீட்டில் உண்பவர்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். முதற் பெயராக உம்மாவின் பெயரை எழுதுங்கள். அதன்பின் வாப்பாவையும் சகோதரர்களையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, கையில் உள்ள காசு எவ்வளவு என்று கேளுங்கள்.